பட்டாளத்தில் போன அப்பாவைப் பற்றிப் பையனிடம் என்ன சொல்வது?

05.12.2024, கூடலூர் வாசகர் கேட்டது

அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கும்போது தவறிவிட்டார். அப்போது பையனுக்கு ரெண்டு வயசு, இப்போது மூணாம் வகுப்பு. குடியரசு தினத்துக்கு ‘மாவீரரின் மகன்’ என்று மேடையேற்றப்போகிறார்களாம். அப்பா எதிரியைச் சுட்டு வீழ்த்திவிட்டு இறந்ததாக ஒரு பேச்சு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போனது வண்டி கவிழ்ந்து. அக்கா வாயே திறப்பதில்லை. பையனை அனுப்பலாமா? அவனிடம் எதைச் சொல்வது?

05.12.2024, இரவு

அனுப்புங்கள். அந்தப் பேச்சை மட்டும் கிழித்துப் போடுங்கள்.

என் தங்கச்சி வீட்டிலும் இதே கதைதான். எங்கள் மாப்பிள்ளை மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக். 2017 டிசம்பரில் லடாக்கில் போனான், வயசு இருபத்தொன்பது. மருமகனுக்கு அப்போது நடை பழகிக்கொண்டிருந்த பருவம். ‘போனான்’ என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரே பெஞ்சில் படித்தவன். கல்யாணத்தன்றைக்கு எங்கம்மா “இனிமே மாப்பிள்ளைய வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும்” என்று சட்டம் போட்டார். அவன் அம்மா, அதாவது அத்தை வீட்டு வாசலில் ஒரு தடவை “வாங்க மாப்பிள்ளை” என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் அந்தச் சட்டம் அன்றைக்கே செத்தது.

06.12.2024

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்னும் கொஞ்சம்.

அவனைச் சுட்டது யாரும் இல்லை. லீவு முடிந்து மேலே போன சில நாளில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. முதலில் வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்கல், ராத்திரியில் படுக்க முடியாமை. ஆக்சிஜன் வைத்தார்கள். இதற்கு நிஜ மருந்து ஆளைக் கீழே இறக்குவதுதான். அன்றைக்கு மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் வரவில்லை. கூட இருந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

ஊரில் இது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காரியம் முடிவதற்குள் ‘பாகிஸ்தான்காரன் ஒளிஞ்சிருந்து சுட்டுட்டான்’ ஆகிவிட்டது. டீக்கடைக்கு வரும்போது மூன்று பேரை இவன் சுட்ட பிறகு. பிளெக்ஸ் அடித்த பையன் அவன் படத்தை யாரோ ஒருத்தர் கையிலிருந்த பெரிய துப்பாக்கியோடு ஒட்டிவிட்டான். அத்தை அதை இறக்கச் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் துப்பாக்கி ஒரு ஆறுதல். நான் என்ன சொல்ல?

06.12.2024, கொஞ்ச நேரம் கழித்து

கீழே ஒருவர் “நீலகிரிப் பசங்க மலைக்காரங்க, அவங்களுக்கு எப்படிங்க மூச்சு வாங்கும்?” என்று எழுதியிருக்கிறார். இதை அடிக்கடி கேட்கிறேன். அவனும் இதைத்தான் சொல்வான், “நான் பொறந்ததே மலைடா” என்று.

கணக்கைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் எல்லாம் ஆறாயிரம் அடியை ஒட்டி. ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம். நம்ம ஊரின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர், அதாவது 8,652 அடி. ராணுவத்தில் உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் முதல் கட்டமே 9,000 அடியில்தான் ஆரம்பிக்கும். அதில் ஆறு நாள், 12,000 தாண்டினால் இன்னும் நாலு நாள், 15,000 தாண்டினால் மறுபடி நாலு நாள். தொட்டபெட்டா உச்சியில் குடிசை போட்டுப் பிறந்து வளர்ந்தவனும் அந்த முதல் படிக்குக் கீழேதான்.

காற்றில் பிராணவாயு குறையும்போது நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகாது. இறுகாத இடத்தில் அழுத்தம் ஏறி, காற்றறைக்குள் நீர் கசியும். கட்டுமஸ்தான ஆளா, ஓட்டத்தில் முதலில் வருகிறவனா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஏற்கெனவே மேலே மாசக்கணக்கில் இருந்தவன் லீவில் கீழே வந்துவிட்டுத் திரும்பப் போகும்போதும் வரும், அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். அவன் வந்தது பையனுக்கு மொட்டை போட. இந்த வரியை எழுதிவிட்டு அழிக்கப் பார்த்தேன், இருக்கட்டும்.

07.12.2024

இன்றைக்குப் படைவீரர் கொடிநாள். 1949-லிருந்து இதே தேதி. பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலோடு நிற்கிறார்கள். போட்டுவிட்டு வந்தேன்.

08.12.2024

குன்னூர் பக்கம் நஞ்சப்பச்சத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து மூணு வருஷம். 2021-ல் இதே நாள். சூலூரிலிருந்து குன்னூரை ஒட்டிய வெலிங்டனில், ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட பதின்மூன்று பேர் அன்றைக்கே போனார்கள், ஒரு வாரம் கழித்து குரூப் கேப்டன் வருண் சிங். அந்தக் காலனி ஜனங்கள் வீட்டிலிருந்த கம்பளியையும் போர்வையையும் குடத்துத் தண்ணியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் ஆம்புலன்ஸ்கள் இறங்கும்போது ரோடெல்லாம் பூ.

அதற்கு நாலு வருஷம் முன்னால் எங்கள் மாப்பிள்ளையின் சவப்பெட்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறியது ராத்திரி மழையில். ஒப்பிட்டுக் குறை சொல்ல வரவில்லை, தளபதிக்கு உரியது தளபதிக்கு. வெலிங்டனிலிருந்து வந்த பசங்கள் அந்த மழையிலும் ஒரு குறை வைக்கவில்லை. எங்களுடையது தோட்டத்து லயன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது. வாசல் குறுகல், பெட்டி உள்ளே நுழையவில்லை. சாய்த்துக் கொண்டுபோகலாமா என்று ஒருத்தர் கேட்க, கூட வந்த சுபேதார் “தம்பிய சாய்க்க வேண்டாம்” என்றார். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் டார்பாலின் கட்டி வைத்தோம். காலையில் எப்போதும் போல எட்டு மணிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எல்லாரும் கூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்தில் அன்றைக்கு யாரும் வேலைக்குப் பேர் போடவில்லை.

எங்களுடையது சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். ‘சிலோன்காரங்க’ என்ற பேர் பேரன் காலத்திலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டி மேல் மூவர்ணக்கொடியைப் பார்த்த ஒரு தாத்தா என்னிடம் சொன்னார்: “இனி நம்மள யாரும் எந்த ஊருன்னு கேக்கமாட்டான்.” கேட்கிறார்கள் தாத்தா, இன்னமும் கேட்கிறார்கள்.

11.12.2024

“ராணுவத்துல செத்தா கோடி கோடியா வருமே” என்று எழுதிய புண்ணியவானுக்கு.

குடும்ப பென்ஷன் மூன்று வகை. சாதாரணமானது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் (பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் பத்து வருஷம் 50). சாவுக்குப் பணிதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம். போர் இழப்பு என்று வகைப்படுத்தினால் தாராளக் குடும்ப பென்ஷன், முழுச் சம்பளம். எந்தப் பெட்டியில் டிக் விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் முப்பது வருஷம் இருக்கிறது. எங்களுக்கு வந்த முதல் காகிதத்தில் சாதாரணம் என்று இருந்தது. எந்த ஆபீஸ், எந்த மேஜை என்று சொல்லமாட்டேன். மருத்துவக் காகிதங்களைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பி 60-க்கு வருவதற்குள் பையன் எல்.கே.ஜி. போய்விட்டான்.

கூடலூர்க்காரரே, உங்கள் அக்கா எந்த வகையில் பென்ஷன் வாங்குகிறார் என்று ஒரு தடவை ஆர்டரை எடுத்துப் பாருங்கள். வண்டி கவிழ்ந்தது டியூட்டியிலா, லீவிலா என்பது முக்கியம். ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டினால் படித்துச் சொல்வார்கள்.

12.12.2024

இப்போது சர்வீசில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால்: கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் யூனிட் கிளார்க்கிடம் சொல்லி பார்ட் டூ ஆர்டர் போட்டுவிடுங்கள். அது வராதவரை ரெக்கார்டில் உங்களுக்குப் பொண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. இன்சூரன்ஸ் நாமினேஷனையும் பாருங்கள். பாதிப் பேர் ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது எழுதிய அம்மா பேரோடேயே இருப்பார்கள்.

எங்கள் ஆள் கல்யாணத்தைப் போட்டிருந்தான், பையன் பிறந்ததையும் போட்டிருந்தான். நாமினேஷன் மட்டும் பழையபடி அம்மா பேரில். அதனால் வந்த மனஸ்தாபம் இங்கே வேண்டாம். நான் பெண்ணெடுத்த பக்கமில்லை, பெண் கொடுத்த பக்கம். என் நியாயம் சாய்ந்துதான் இருக்கும். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: பென்ஷன் முழுக்க மனைவிக்கு என்று ஆனபோது, அவனைப் பெற்று, கூடை தூக்கிப் படிக்க வைத்தவருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதமும் வரவில்லை. தங்கச்சி மாசாமாசம் அத்தை கையில் கொடுக்கிறாள். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

12.12.2024

மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களின் பணிக் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வெலிங்டனில்தான். ராமநாதபுரம், திருநெல்வேலியிலிருந்தெல்லாம் ராத்திரி பஸ் ஏறி மஃப்ளர் இல்லாமல் வந்து நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு ஒரு பஸ் தூரம். அந்த விஷயத்தில் புண்ணியம் செய்தவர்கள். வருகிறவர்கள் சுவெட்டர் எடுத்து வாருங்கள், ஜூலையிலும்.

19.12.2024

கேள்விக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கூடலூர்க்காரர் திட்டியிருக்கிறார். சரி.

போன வருஷம் எங்கள் பையனுக்கும் இதே மாதிரி மேடை. தாளில் ‘எதிரியின் குண்டுகளை மார்பில் ஏந்திய’ என்று ஆரம்பித்தது. தங்கச்சி படித்துவிட்டு மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். பையன் மனப்பாடம் பண்ணத்தான் செய்தான். மேடையில் ஏறி இரண்டு வரி சொன்னான், மூன்றாவது மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவன், “எங்கப்பா கரடியப் பாத்து ஓடுனாரு” என்றான்.

விஷயம் இது. முன்னால் ஒரு லீவில், ராத்திரி கொல்லைப்பக்கம் தகரம் சரிந்த சத்தம். பலாப்பழ வாசனைக்கு வந்திருக்கும். நானும் அவனும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். “நான் முன்னால போறேன், நீ பின்னால வா” என்றான், பட்டாளத்துக்காரன் அல்லவா. தண்ணித் தொட்டி பக்கம் டார்ச் அடித்தால் கரடி எழுந்து நிற்கிறது. அடுத்த நிமிஷம் அவன் கைலியைத் தூக்கிக் கட்டக்கூட நேரமில்லாமல் வீட்டுக்குள். ஒரு செருப்பு தொட்டியடியில், இன்னொன்று படியில். உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டான், நான் வெளியில். தங்கச்சி இதைப் பையனுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்வாள்.

மேடையில் இருந்தவர்கள் முகம் சுண்டிப்போனது. முன்வரிசையில் அத்தைக்கு அவமானம், ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பின்வரிசையில் தோட்டத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அவனைத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவன் ஒரு நிமிஷம் இருந்தான் என்றால் அப்போதுதான்.

அதனால்தான் அனுப்புங்கள் என்றேன். பிளெக்ஸில் இருக்கிற ஆள் ஊருக்கு. பையனுக்கு வேண்டியது சாம்பாரில் கத்தரிக்காயைப் பொறுக்கி வைக்கிற ஆள்.

20.12.2024

மேலே எழுதியதை ராத்திரி திரும்பப் படித்தேன். பாதி சரி.

கரடி கதை எங்களுக்குச் சிரிப்பு, ஏனென்றால் மீதி அவனையும் தெரியும். பையனுக்கு மீதி தெரியாது. மைனஸ் குளிரில் காவல் நின்றதும் அவன்தான். அதைச் சொல்லாமல் கரடியை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பிளெக்ஸ்தான், வேற மாதிரி. அத்தை கோபத்தில் நியாயம் இருக்கிறது. “எம்புள்ள கோழையா?” என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை.

உங்கள் அக்காவின் மகனிடம் வண்டி கவிழ்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். யாராவது ஒரு பெரிய பையன் பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு முன்னால், வீட்டு ஆள் யாராவது. அக்காவால் முடியாவிட்டால் தாய்மாமன் நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள்? மொட்டைக்கு மடியில் உட்கார வைத்தது படம் பிடிக்க மட்டும்தானா?

02.01.2025

வாய்ஸ் நோட்டுகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இது முக்கியம், உடனே செய்யுங்கள்.

ரீசார்ஜ் பண்ணாத நம்பரைக் கம்பெனி கொஞ்ச மாசத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் அழிந்துவிடும். ஆனால் அவர் அனுப்பியதெல்லாம் வாங்கினவர் போனில் இருக்கும். அக்கா போன், அம்மா போன், நண்பர்கள் போன் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள். அக்கா கேட்கமாட்டேன் என்பார். கேட்கச் சொல்லவில்லை, எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பதில் ‘ஐ லவ் யூ’ மாதிரி ஒன்றும் கிடையாது. கேஸ் புக் பண்ணியாச்சா, அம்மாவுக்கு மூட்டு வலி மாத்திரை வாங்கினியா, குரங்கு ஓட்டைப் பிரிச்சிடும் மேல கல்லு வை. ஒன்றில் மட்டும் பின்னால் யாரோ இந்தியில் கத்த, இவன் பதிலுக்கு அரைகுறை இந்தியில் கத்துகிறான். பையனுக்குப் பிடித்தது அதுதான். அந்த இந்தியை அப்படியே பேசிக் காட்டுவான், ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாது. நல்லவேளை, அதில் ரெண்டு கெட்ட வார்த்தை.

15.01.2025

ராணுவ தினமும் பொங்கலும் ஒரே வாரம். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது அவனுடைய டிரங்குப் பெட்டியை இறக்கினோம். கறுப்புப் பெட்டி, வெள்ளை பெயின்டில் நம்பர், ராங்க், பேர். அந்தப் பெட்டி யூனிட்டிலிருந்து வந்தபோது ஒரு லிஸ்டும் வந்தது, டைப் அடித்து, சாட்சிக் கையெழுத்தோடு. கம்பளி சாக்ஸ் இத்தனை ஜோடி, ஷேவிங் செட் ஒன்று, சாமி படம் ஒன்று. கடைசி வரியில் ‘பிஸ்கட் பொடி, ஒரு பாக்கெட்’.

அது பிஸ்கட் இல்லை, வர்க்கி, ஊட்டிப் பக்கம் சுடும் மொறுமொறு பலகாரம். ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் கூட்டாளிகளுக்கு ஊட்டி வர்க்கி வாங்கிப் போவான். ஜம்மு போய்ச் சேர்வதற்குள் பொடியாகிவிடும், ஸ்பூனால் டீயில் போட்டுத் தின்பார்களாம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவன் இருந்திருந்தால் யூனிட் முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பான்.

லிஸ்டில் ‘நோட்டுப் புத்தகம் ஒன்று’ என்றும் இருந்தது. கடன் கணக்கு. யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, பைசல் ஆனதற்கு மேலே ஒரு கோடு. வாங்கினதைத் தங்கச்சி ஒன்றுவிடாமல் அடைத்தாள். கொடுத்ததில் ரெண்டு பேர் தானாகவே அனுப்பினார்கள். ஒரு பேர் மட்டும் கோடு விழாமல் இருக்கிறது, பாலக்காட்டுப் பையன். யாரும் போய்க் கேட்கவில்லை.

03.02.2025

சியாச்சின் சோனம் போஸ்டில் பனிச்சரிவு நடந்த நாள், 2016. பத்தொன்பதாவது மெட்ராஸ் பட்டாலியன், பத்துப் பேர், 19,600 அடி. ஆறு நாள் கழித்துப் பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 டெல்லியில் அவரும் போனார். அந்த வாரம் முழுக்க எங்கள் லயனில் டி.வி. அணையவில்லை. 1984-ல் ராணுவம் சியாச்சினில் ஏறியதிலிருந்து அங்கே குண்டுக்குப் போனவர்களைவிடக் குளிருக்கும் உயரத்துக்கும் போனவர்கள்தான் அதிகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிளெக்ஸுக்குத் துப்பாக்கி தேவையே இல்லை.

09.02.2025

கூடலூர்க்காரர் எழுதியிருக்கிறார். பேச்சை அவரே மாற்றி எழுதினாராம்: அப்பா டிரைவர், ரேஷன் வண்டி ஓட்டினார், ரோடு இடிந்து வண்டி கவிழ்ந்தது, அவர் கொண்டுபோன ரேஷனைத்தான் மேலே இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். பள்ளியில் முதலில் முகம் சுளித்தார்களாம், அப்புறம் விட்டுவிட்டார்களாம். அக்கா கடைசி வரிசையில் நின்று கேட்டாராம். நல்லது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

22.03.2025

இருக்கிறது.

கோடு விழாத பாலக்காட்டுப் பையன் போன் பண்ணினான். அவன் இப்போது ஹவில்தார், நாயக்குக்கு அடுத்த படி, இந்த வருஷம் பென்ஷன் வருகிறான். நம்பர் தேடியது, கூச்சம், பணம், எல்லாம் சொன்னான். தங்கச்சி பணம் வேண்டாம் என்றுவிட்டாள், அவன் அனுப்பியே தீருவேன் என்றான், அனுப்பியும்விட்டான். தங்கச்சி நோட்டில் கோடு போட்டாள்.

பிறகு என்னைக் கேட்டான். “நீங்கள்தானே அந்தக் கரடியப் பாத்து ஓடின மச்சான்?”

பாராக் முழுக்க அந்தக் கதை பிரசித்தமாம். மாப்பிள்ளை டார்ச்சோடு அசையாமல் நின்றானாம், நான்தான் செருப்பைப் போட்டுவிட்டு ஓடி உள்ளே தாழ் போட்டுக்கொண்டேனாம். என்னை மாதிரியே ஓடிக் காட்டுவானாம். அத்தனை பேரும் வர்க்கிப் பொடியைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அத்தனை வருஷம்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, எம்புள்ள நின்னுருக்கான்.” தங்கச்சி அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள் இருந்தவள், யார் முதலில் உள்ளே வந்தது என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கிறாளே தவிர வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். பையன் இப்போது ரெண்டு கதையையும் சொல்கிறான், கேட்கிற ஆளைப் பொறுத்து.

பாலக்காட்டுக்காரன் மே மாசம் குடும்பத்தோடு வருகிறான். சிம்ஸ் பூங்காப் பழக்கண்காட்சி சமயம், குன்னூரில் ரூம் கிடைக்காது, எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறேன். தண்ணித் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எது எங்கே கிடந்தது என்று காட்டப்போகிறேன். அந்த ஒற்றைச் செருப்பு ஒன்பதாம் நம்பர். நான் போடுவது ஏழு.